மார்கழிக் குளிரும் 21 எழுத்தும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மார்கழிக் குளிரைப் பற்றி மூன்று விவசாயிகளிடம் கேட்டால் மூன்று விதமான பதில் வரும். தளிப் பக்கம் பாலிஹவுஸ் போட்டிருக்கும் ரோஜாக்காரருக்கு மொட்டு தேதிக்கு வந்து சேருமா என்ற கவலை. ராயக்கோட்டைத் தக்காளிக்காரருக்கு, நட்ட நாற்று நட்டபடியே நிற்கிறதே என்ற எரிச்சல். காவேரிப்பட்டணத்து மாந்தோப்புக்காரரோ, இன்னும் நாலு ராத்திரி நன்றாகக் குளிர்ந்தால்தான் பூ எடுக்கும் என்று காத்திருப்பார். மூவர் சொல்வதும் சரி. குளிர் ஒன்றுதான், அதற்கு ஒவ்வொரு செடியும் நிறுத்திவைக்கும் வேலைதான் வேறு வேறு.

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூளகிரி வழியாக நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டர் போல இறங்கினால் கிருஷ்ணகிரி, ஏறக்குறையப் பாதி உயரம். மேலே கெலமங்கலம், பாகலூர், தளி வட்டாரத்தில் ரோஜா. நடுவில் சூளகிரி, ராயக்கோட்டையில் தக்காளி. கீழே பர்கூர், போச்சம்பள்ளி வரைக்கும் மா. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்த பிறகு ஓசூர் என்றாலே சிப்காட் என்றாகிவிட்டது. கெலமங்கலம் பக்கம் செல்போன் பாகங்கள் செய்யும் ஆலை, போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை என்று தொழில் இன்னும் பரவிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆலைகளுக்கு நடுவே இன்னமும் நிற்கும் இந்த மூன்று பயிர்களுக்கும் டிசம்பர், ஜனவரி மாத இரவு வெப்பநிலைதான் கணக்கு வழக்கு எல்லாம்.

இங்கே பனிக்கட்டி உறைவதில்லை. ஓசூரில் அந்த மாதங்களில் இரவு 15 டிகிரியை ஒட்டி இருக்கும். சில நாள் அதற்கும் கீழே போகும். காஷ்மீர் ஆப்பிளுக்கு இதெல்லாம் குளிரே இல்லை. வெப்ப நாட்டுப் பயிருக்கோ உறைநிலை வரை போக வேண்டியதில்லை. 12, 13 டிகிரியிலேயே பாதிப்பு ஆரம்பித்துவிடும். முதலில் மாட்டுவது செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு. குளிரில் அது விறைக்கிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, கால் மணி நேரத்துக்குள் சி.பி.எஃப். எனப்படும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இந்த மரபணுக்கள் குளிர்த் தற்காப்புக்கான நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களை முடுக்கிவிடும். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருப்பது. புத்தகத்தில் பின்னால் வந்து சேர்ந்த அத்தியாயம், சிறு ஆர்.என்.ஏ.

சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மூல வரைபடம் அலுவலகத்தில் பூட்டியிருக்கும். ஷாப் ஃப்ளோருக்கு வருவது ஜாப் கார்டு. கார்டு கைக்கு வந்தால் மெஷின் ஓடும், பாகம் உருவாகும். டி.என்.ஏ. அந்த மூல வரைபடம்; தூது ஆர்.என்.ஏ. ஜாப் கார்டு, புரதம் உருவாகி வரும் பாகம். ஒரு பாகம் இனி வேண்டாம் என்று முடிவானால் புதுக் கார்டு அடிப்பதை நிறுத்தினால் மட்டும் போதுமா? ஏற்கெனவே தளத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் கார்டுகளைத் தேடிப் பிடித்துக் கிழிக்க ஒரு ஆள் வேண்டும். செடியில் அந்த ஆள்தான் சிறு ஆர்.என்.ஏ.

வேலை நடக்கும் விதம் இது. செடியின் டி.என்.ஏ.விலிருந்து நீளமான ஒரு ஆர்.என்.ஏ. பிறந்து, கொண்டை ஊசி போலத் தன்மேலேயே மடிந்துகொள்கிறது. ஆர்.என்.ஏ.வின் ஒவ்வொரு அலகையும் ஒரு எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டைசர் என்ற புரதம் அதை வெட்டி, பெரும்பாலும் 21 எழுத்து நீளமுள்ள துண்டாக்குகிறது. இதுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆர்கோநாட் என்ற இன்னொரு புரதம் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு, அதற்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும் தூது ஆர்.என்.ஏ.வைத் தேடும். பொருந்தியதும் நடுவில் ஒரே வெட்டு. விலங்குகளில் இந்தப் பொருத்தம் அரைகுறையாக இருந்தாலே போதும். செடிகளில் கிட்டத்தட்ட முழுப் பொருத்தம் வேண்டும். அதனால்தான் செடியில் எந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. எந்த மரபணுவின் மேல் கைவைக்கிறது என்று கண்டுபிடிப்பது கொஞ்சம் சுலபம்.

பூக்காரர்கள் கேட்டு ரசிக்க வேண்டிய கதை ஒன்று இதற்குள் இருக்கிறது. 1990-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜோர்கென்சன், கரோலின் நபோலி குழுவினர் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்கப் பார்த்தார்கள். நிறமி மரபணுவில் கூடுதலாக ஒரு நகலைச் செடிக்குள் செலுத்தினார்கள். பூத்த பிறகு பார்த்தால் பல செடிகளில் வெள்ளைப் பூ, சிலவற்றில் வெள்ளையும் ஊதாவும் கலந்த வரி. கூடுதல் நகல், இருந்த நகலையும் சேர்த்து வாயடைத்துவிட்டது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 1993-ல் புழுவில் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் கண்டார்கள். 1999-ல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும், மரபணு வாயடைக்கப்பட்ட செடிகளில் சுமார் 25 எழுத்துள்ள குட்டி ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதைக் காட்டினார்கள். நோபல் பரிசு 2006-ல் ஒருமுறை, 2024-ல் ஒருமுறை இந்தத் துறைக்கு வந்தது. இரண்டு முறையும் புழுவில் வேலை செய்தவர்களுக்கே போனது. செடிக்காரர்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

குளிருக்கும் இந்தத் துண்டுகளுக்கும் உள்ள உறவு வெளிவந்தது 2004-ல், கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே வருடம். ராமாஞ்சுலு சுங்கரும் ஜியான் காங் ஜூவும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியின் நாற்றுகளைக் குளிரிலும் உப்பிலும் வறட்சியிலும் வைத்து, உள்ளே இருந்த சிறு ஆர்.என்.ஏ.க்களை எண்ணினார்கள். சில கூடியிருந்தன, சில குறைந்திருந்தன. 393 என்று எண் கொடுக்கப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. குளிரில் பலமாகக் கூடியது. அது வெட்டும் கார்டு எது தெரியுமா? ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை உணரும் புரதத்துக்கான கார்டு. உணரும் புரதம் குறைந்தால் ஹார்மோன் இருந்தும் செடிக்குக் காது கேட்காது, வளர்ச்சி மட்டுப்படும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ராயக்கோட்டைத் தோட்டத்துக்கு வருவோம்.

நின்றுபோன தக்காளி

ஜனவரி விடிகாலையில் தக்காளித் தோட்டத்தில் இலையைத் தொட்டால் சில்லென்று ஈரமாக ஒட்டும். இலையின் அடிப்புறமும் நரம்பும் லேசாக ஊதா பூத்திருக்கும். கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, செடி குட்டையாக நிற்கும். பூ இருக்கும், பிஞ்சு பிடிக்காது. இரவு 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளி மகரந்தம் சரியாக உருவாவதில்லை. பிடித்த பிஞ்சும் கோணல்மாணலாக, அடியில் தழும்போடு வரும். மண்டியில் அதைத் தனியாகக் கழித்துப் போடுவார்கள். உரம் போதவில்லை என்று நினைத்து யூரியாவைக் கூட்டுபவர்கள் உண்டு. அது வீண் செலவு. செடியிடம் சாப்பாடு இருக்கிறது. வளர்வதில்லை என்று அது தானாகவே எடுத்திருக்கும் முடிவில் சிறு ஆர்.என்.ஏ.வுக்கும் பங்கு உண்டு.

காலை எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் இன்னொரு தொல்லை. இலை இன்னும் குளிர்ந்தே இருக்கிறது, உள்ளே ரசாயன வேலைகள் மந்தமாக ஓடுகின்றன. ஆனால் வெளிச்சம் முழு அளவில் வந்து விழுகிறது. பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல், ஆக்சிஜன் ஆபத்தான வடிவங்களுக்கு மாறி செல்லை அரிக்கிறது. அதைத் தணிக்கும் நொதிகளில் ஒன்று சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். சாதாரண நாளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 398 இந்த நொதியின் கார்டுகளைக் கிழித்துக்கொண்டே இருக்கும். கடும் ஒளி, செம்பு மிகுதி போன்ற நெருக்கடியில் 398-இன் அளவு குறைகிறது, கார்டுகள் தப்பிக்கின்றன, நொதி கூடுகிறது. அராபிடாப்சிஸில் இதைக் கண்டு 2006-ல் எழுதியதும் சுங்கர் குழுதான். வளர்ச்சியை அடக்க ஒரு துண்டைக் கூட்டுவது, தற்காப்பை விடுவிக்க இன்னொரு துண்டைக் குறைப்பது என்று இரண்டு வழியிலும் செடி விளையாடுகிறது.

தக்காளிக்கு மட்டும் ஏன் இவ்வளவு அவஸ்தை? அதனிடமும் சி.பி.எஃப். இருக்கிறது, குளிரில் விழிக்கவும் செய்கிறது. ஆனால் அது முடுக்கிவிடும் மரபணுக்களின் பட்டியல் அராபிடாப்சிஸைவிட மிகச் சிறியது என்று 2004-லேயே ஒரு ஆய்வு காட்டியது. தக்காளிக்குத் தாய்வீடு தென்னமெரிக்கா. ஆண்டிஸ் மலையின் உயரங்களில் அதன் காட்டு உறவினர் ஒருவர் இருக்கிறார். ரோமம் அடர்ந்த தண்டு, சின்னப் பச்சைக் காய், வாயில் வைக்க முடியாது. ஆனால் குளிர் தாங்கும். சோலானம் ஹாப்ரோகைட்டஸ் என்பது பெயர். அதைக் குளிரில் வைத்து, எந்தெந்தச் சிறு ஆர்.என்.ஏ. கூடுகிறது, குறைகிறது என்ற பட்டியலை 2014-ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2019-ல் அதிலிருந்து 319 வகையைச் சேர்ந்த ஒன்றை எடுத்து நாம் சாப்பிடும் தக்காளிக்குள் மிகுதியாக ஓடவிட்டபோது, குளிரையும் வெப்பத்தையும் செடி கூடுதலாகத் தாங்கியது. நெல்லிலும் 319-ஐக் கூட்டியபோது நாற்று குளிர் தாங்கியது.

அப்படியென்றால் விதைக் கம்பெனிகள் நாளைக்கே 319 தக்காளியைக் கொண்டுவந்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். 319 வெட்டும் கார்டுகள் இலையின் வடிவத்தைத் தீர்மானிப்பவை. தக்காளி இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருப்பதே இந்த 319-இன் கைவேலைதான் என்று 2007-லேயே தெரிந்துவிட்டது. குளிருக்காக அதைக் கூட்டினால் இலையும் மாறும். நெல்லில் இலை அகலமானது. ஒரே துண்டு பல மரபணுக்களின் மேல் கைவைப்பதால் ஒன்றைத் திருகினால் இன்னொன்று நகரும். பயிர் விஞ்ஞானச் செய்திகளில் 'குளிர் தாங்கும் மரபணு கண்டுபிடிப்பு' என்று தலைப்பு வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, மகசூலைப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா என்பதைத்தான். பெரும்பாலும் இருப்பதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. அராபிடாப்சிஸ் ஆய்வுகளில் 'குளிர்' என்றால் வழக்கமாக 4 டிகிரி. குளிர்ப்பெட்டிக்குள் சில மணி நேரம் அல்லது சில நாள். ராயக்கோட்டையின் குளிர் அப்படியில்லை. இரவு 14, மதியம் 27, மறுபடி இரவு 14 என்று இரண்டு மாதம் ஊசலாடும். அந்த ஊசலாட்டத்தில் தக்காளி என்ன கார்டைக் கிழிக்கிறது, எதைக் காப்பாற்றுகிறது என்பதை அளக்க வேண்டியது இங்கே, இந்த மண்ணில்தான்.

அதற்கான ஆட்களும் தூரத்தில் இல்லை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பெங்களூரின் வடகோடியில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே செடிகளின் சிறு ஆர்.என்.ஏ. ஆய்வுக்குழுவை நடத்தும் பி.வி. சிவபிரசாத், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே. வேலுதம்பியுடன் பயறு வகைகளின் மஞ்சள் தேமல் வைரஸைப் பற்றி ஆய்ந்தவர். பிறகு கேம்பிரிட்ஜில் பால்கோம் குழுவில் இருந்தபோது, நாம் சாப்பிடும் தக்காளியையும் ஒரு காட்டுத் தக்காளியையும் இணைத்துப் பிறந்த வாரிசுகளை ஆராய்ந்தார். சில வாரிசுகள் தாய் தந்தை இருவரிடமும் இல்லாத அளவுக்கு ஒரு குணத்தைத் தூக்கிக் காட்டின. அதில் சிறு ஆர்.என்.ஏ.க்களுக்குப் பங்கு இருப்பதை 2012-ல் அந்தக் குழு எழுதியது. கிருஷ்ணகிரியில் நடப்படும் தக்காளியில் பெரும்பகுதி ஹைப்ரிட் என்பதால் இது நமக்குத் தூரத்துச் சேதி இல்லை.

இதழ் கூடும் ரோஜா

தளிப் பக்கம் டிசம்பர் நடுவில் ரோஜாவுக்குக் கவாத்து. பிப்ரவரி முதல் வாரத்தில் பூ பெட்டிக்குள் போய் பெங்களூரு விமான நிலையத்தை அடைய வேண்டும். காதலர் தினம் முடிந்த மறுநாள் அதே தாஜ்மஹால் ரகச் சிவப்பு ரோஜாவைச் சீந்துவாரில்லை. நடுவில் குளிர் ஏறினால் மொட்டு நாள் தள்ளும். அதனால் மாலை நான்கு மணிக்கே பாலிஹவுஸின் பக்கவாட்டு மறைப்புகளை இறக்குவார்கள். மொட்டுகளின் தலையில் வலைத் தொப்பி மாட்டியிருக்கும். தண்டு நீளம், மொட்டின் அளவு, இலையில் கறை இல்லாமை எல்லாம் பார்த்து 20 தண்டுக்கு ஒரு கட்டு.

தாமதத்துக்குக் கைம்மாறாகக் குளிர் ஒன்றைத் தருகிறது: குளிரில் வளரும் மொட்டு பருத்து, இதழ் கூடி வரும். இது வெறும் நம்பிக்கை இல்லை. பூவில் மகரந்தத் தாள் உருவாகவும் இதழின் எண்ணிக்கை அளவோடு நிற்கவும் ஒரு மரபணு பொறுப்பு. குறைந்த வெப்பநிலையில் அந்த மரபணுவின் டி.என்.ஏ. மேல் மெத்தில் முத்திரைகள் கூடுதலாக விழுந்து அது அடங்கிப்போகிறது, இதழ் எண்ணிக்கை ஏறுகிறது என்று 2015-ல் சீன ஆய்வுக்குழு ஒன்று காட்டியது. செடியில் மெத்தில் முத்திரையை எங்கே குத்துவது என்று அடையாளம் காட்டும் வழிகளில் முக்கியமானது 24 எழுத்துச் சிறு ஆர்.என்.ஏ. ரோஜாவின் இந்தக் குறிப்பிட்ட முத்திரைக்கு வழிகாட்டியது எது என்பது தனிக் கேள்வி.

காட்டு ரோஜாவுக்கு ஐந்தே இதழ். அடுக்கு ரோஜா வந்த கதையிலும் நம் 21 எழுத்து இருக்கிறது. இதழ் எண்ணிக்கையோடு தொடர்புள்ள ஒரு மரபணுவை மைக்ரோ ஆர்.என்.ஏ. 172 கட்டுக்குள் வைத்திருக்கிறது. அடுக்கு ரோஜாக்களில் அந்த மரபணுவின் ஒரு வடிவத்தில், 172 வந்து உட்காரும் இடமே இல்லை என்று 2018-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். பிடிக்க இடமில்லாத கார்டைக் கிழிக்க முடியாது. அமுதகொண்டப்பள்ளியிலிருந்து ஏற்றுமதியாகும் ரோஜா வியாபாரம் முழுவதும் அப்படித் தப்பித்த ஒரு கார்டின் தயவில் நடக்கிறது என்று சொன்னால் ரொம்பவும் மிகையாகாது.

குளிரும் பனி ஈரமும் சேர்ந்தால் ரோஜாவுக்குப் பொட்ரைட்டிஸ் பூசணம் வரும். வெளிர் நிற இதழில் முதலில் ஊசிமுனை அளவு செம்புள்ளி. தோட்டத்தில் கண்ணில் படாமல் போய், பெட்டிக்குள் விரிந்து, இறங்கும் ஊரில் கட்டு முழுவதும் சாம்பல் பூத்து நிற்கும். இந்தப் பூசணம் தன்னுடைய சிறு ஆர்.என்.ஏ.க்களைச் செடியின் செல்லுக்குள் அனுப்பி, செடியின் சொந்த ஆர்கோநாட் புரதத்தையே பிடித்து, செடியின் எதிர்ப்பு மரபணுக்களின் கார்டைக் கிழிக்கவைக்கிறது. கலிஃபோர்னியாவில் ஹைலிங் ஜின் குழு இதை 2013-ல் அராபிடாப்சிஸிலும் தக்காளியிலும் நிரூபித்தது. செடியும் சும்மா இல்லை. தன் சிறு ஆர்.என்.ஏ.க்களைக் குட்டிப் பைகளில் வைத்துப் பூசணத்துக்குத் திருப்பி அனுப்புகிறது என்று 2018-ல் அதே குழு எழுதியது.

வைரஸ் விஷயத்தில் குளிர் செடியைக் கைவிட்டுவிடுகிறது. வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் துண்டாக்கி, அந்தத் துண்டைக் கொண்டே வைரஸைத் தேடி அழிப்பது செடியின் பிரதான காவல். புகையிலை இனச் செடி ஒன்றில் 15 டிகிரியில் இந்தத் துண்டுகள் வெகுவாகக் குறைந்து நோய் முற்றியதையும், 27 டிகிரியில் துண்டுகள் கூடி நோய் தணிந்ததையும் ஹங்கேரியில் 2003-ல் கண்டார்கள். வளர்ச்சியைக் கவனிக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மட்டும் அப்படி இறங்கவில்லை. ஓசூரின் இரவு 15 டிகிரிதான் என்பதைப் பார்க்கும்போது, பாலிஹவுஸில் மறைப்பை எந்த நேரம் இறக்குவது என்பதில் மொட்டைத் தவிர வேறு கணக்கும் இருக்கலாம்.

ஆர்.என்.ஏ.வை மருந்தாகத் தெளிக்கும் காலமும் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு வண்டுக்கான அப்படி ஒரு தெளிப்பை 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு பதிவு செய்தது. அது பூச்சிக்கானது, வண்டு தின்றால்தான் வேலை செய்யும். குளிருக்கு என்று சொல்லி யாராவது பாட்டிலை நீட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

மாவுக்குக் குளிர் வேண்டும்

கீழே இறங்கினால் கதை தலைகீழ். மாமரத்தைப் பகல் 30, இரவு 25 டிகிரியில் வைத்தால் துளிர்தான் விடும். பகல் 18, இரவு 10 என்று குளிர்வித்தால் அதே மொட்டு பூங்கொத்தாக மாறும். ஃபுளோரிடாவில் சோதித்துப் பார்த்த விஷயம் இது. கிருஷ்ணகிரியில் அவ்வளவு இறங்காது. ஆனாலும் மார்கழி, தை இரவுகள் குளிர்ந்து வானம் தெளிந்திருந்தால் பெங்களூரா ரக மாமரம் குப்பென்று பூ எடுக்கும். மூட்டமாகவே போனால் இலை தள்ளும், பிறகு கூழ் ஆலைக்கு லாரி குறையும்.

ஆனால் குளிர் மட்டும் போதாது, மரத்துக்கு வயது வேண்டும். கொட்டை போட்டு முளைத்த மாங்கன்று வருடக்கணக்காகப் பூக்காது, எவ்வளவு குளிர்ந்தாலும். இளம் செடியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 நிறைந்திருந்து, முதிர்ச்சிக்கான கார்டுகளைக் கிழித்தபடி இருக்கும். வயதாக ஆக அது குறைந்து 172 ஏறும். அராபிடாப்சிஸில் தெரிந்த இந்த ஏற்பாடு ஓக், யூகலிப்டஸ், பாப்ளர் போன்ற மரங்களிலும் இருப்பதாக 2011-ல் வெளியானது. ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்ப்பதும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது: மேலே கட்டும் குச்சி ஏற்கெனவே முதிர்ந்த மரத்தின் குச்சி.

போச்சம்பள்ளி அருகே சந்தூரில் வீட்டுக்கு வீடு ஒட்டு மாங்கன்று நர்சரி. கொட்டையில் முளைத்த கன்றின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, ஆப்புப் போலச் செதுக்கிய குச்சியைச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார்கள். பழகிய கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒட்டு வழியாகத் தண்ணீரும் சர்க்கரையும் மட்டும் போவதில்லை. 24 எழுத்துச் சிறு ஆர்.என்.ஏ.க்கள் ஒட்டைத் தாண்டிப் போய், மறுபக்கத்து டி.என்.ஏ. மேல் மெத்தில் முத்திரை விழச் செய்கின்றன என்று பால்கோம் குழு 2010-ல் அராபிடாப்சிஸ் ஒட்டுகளில் காட்டியது.

இந்திய மா ரகங்களின் கொட்டையில் பெரும்பாலும் ஒரே கருதான். அதனால் வேர்க்கன்று ஒவ்வொன்றும் தனிப்பிறவி. மேலே பெங்களூரா ஒன்றே என்றாலும் கீழே நூறு விதமான வேர். ஒரே தோப்பில், ஒரே ரகத்தில், ஒரே குளிரில் ஒரு மரம் பூத்துக் குலுங்க, பக்கத்து மரம் இலை விட்டு நிற்பதை எல்லாத் தோப்புக்காரரும் பார்த்திருப்பார்கள். வேரிலிருந்து ஏறும் சிறு ஆர்.என்.ஏ.வுக்கு இதில் கை உண்டா என்று சோதிக்கப் பெரிய ஆலை வேண்டாம். சந்தூரில் கன்று இருக்கிறது, பையூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, துண்டுகளை எண்ணும் கருவி பெங்களூரில் இருக்கிறது. முன்கூட்டிப் பூத்த மரத்திலும் பூக்காத மரத்திலும் ஒட்டுக்கு மேலும் கீழும் பட்டையைச் சுரண்டி எடுத்து, டிசம்பரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.